அந்த ஒரு தாளுக்கு நன்றி

அம்மா வீட்டுக்கு வந்துவிட்டார். நேற்று ராத்திரி கஞ்சி கேட்டு வாங்கிக் குடித்தார். புற்றுநோய்க்குக் கீமோ மருந்து ஏற்றிய பிறகு காய்ச்சல் வந்து, ராத்திரியில் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடியது உங்களுக்குத் தெரியும், எல்லாவற்றையும் திரும்ப எழுத எனக்குத் தெம்பில்லை. நன்றியை மட்டும் சொல்லிவிடுகிறேன்.

முதலில் கண்டி கிளினிக்கில் இருந்த அந்த நர்ஸ் மிஸ்ஸுக்கு. பெயர் போட வேண்டாம் என்றார். கீமோ தொடங்குமுன் அம்மாவைப் பக்கத்தில் உட்காரவைத்து, தனக்குத் தெரிந்த தமிழில் ஒவ்வொன்றாகக் கேட்டார். வயது 65 தாண்டிவிட்டதா, சீனி வருத்தம் உண்டா, கிட்னி எப்படி, சாப்பாடு இறங்குகிறதா, முன்பு கரண்ட் (கதிர்ச் சிகிச்சை) வைத்தார்களா? தோட்டத்தில் கொழுந்தெடுத்த காலத்திலிருந்தே இரத்தம் குறைவு என்று அம்மா தயங்கிச் சொன்னதையும் விடவில்லை. எல்லாவற்றையும் சிவப்புப் பேனாவால் பெரிதாக எழுதி, ஃபைலின் முன்பக்கத்தில் குத்திவைத்தார்.

கீமோ யாருக்கும் இரத்த அணுக்களைக் குறைக்கக்கூடியதுதான். இப்படிப்பட்டவர்களுக்கு இன்னும் கீழே இறங்கலாம், ஏறவும் நாளெடுக்கலாம் என்றார். இடுப்பெலும்பில்தான் இரத்தம் ஊறுகிற மஜ்ஜை நிறைய இருக்கிறதாம். அம்மாவுக்குக் கரண்ட் வைத்ததும் அங்கேதான். தாளைப் பார்த்த டொக்டர் மருந்தின் அளவைக் குறைத்து, வெள்ளணுவைக் கூட்டுகிற ஊசியும் எழுதினார். தாளின் அடியில் எனக்கென்று இரண்டு வரி: "கீமோ ஏற்றிய 7ஆம் நாளிலிருந்து 14 வரை நல்ல கவனம். காய்ச்சல் 38 பாகை என்றால் பனடோல் கொடுத்துப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம், உடனே ஆஸ்பத்திரி."

காய்ச்சல் வந்த அந்த ராத்திரி டிக்கோயா ஆஸ்பத்திரியில் டொக்டர் முதலில் படித்தது அந்தத் தாளைத்தான். எனக்கு நாக்கு எழவில்லை. அவர் இரத்தம் எடுத்த கையோடு, ரிப்போர்ட்டுக்குக் காத்திராமல் அன்டிபயோடிக் ஏற்றச் சொன்னார். தொற்றை எதிர்க்கிற வெள்ளணு 500க்கும் கீழே போயிருந்தது பிறகுதான் தெரிந்தது.

கொட்டுகிற மழையில் பொகவந்தலாவையிலிருந்து ஓட்டோ ஓட்டிவந்து காசு வாங்காமல் போன தம்பி, பிள்ளைகளுக்குச் சோறு போட்ட லயத்து அக்காமார், இரத்தம் கொடுத்த பையன்கள், கோவிலில் விளக்கேற்றியவர்கள், உங்கள் எல்லோரையும் கும்பிடுகிறேன். இரத்தத்தை உறையவைக்கிற தட்டணுவைச் சேகரித்தால் 5 நாளுக்கு மேல் வைத்திருப்பது கஷ்டமாம். கூப்பிட்டவுடன் வந்தீர்களே, அதுதான் பெரிது.

நம் தோட்டங்களில் பொம்பளைக்கு இரத்தம் குறைவென்றால் வழக்கம்தானே என்று விட்டுவிடுகிறோம். டொக்டர் கேட்டாலும் சொல்வதில்லை. தயவுசெய்து சொல்லுங்கள். பழைய வருத்தம், பழைய சிகிச்சை, குடிக்கிற மருந்து, ஒன்றையும் மறைக்க வேண்டாம்.

நம் பக்கத்திலிருந்து யார் கீமோவுக்குப் போனாலும் அதற்கு முந்தின நாள் சாயந்திரம் எங்கள் வீட்டுக்கு வாருங்கள். அப்படியொரு தாள் நான் எழுதித் தருகிறேன். சிங்களத்திலும் வேண்டுமென்றால் தம்பி எழுதுவான். தேர்மாமீட்டர் ஒன்று கூடுதலாக வாங்கி வைத்திருக்கிறேன், அதையும் கொண்டுபோகலாம்.