அந்தப் பதினைந்து மீட்டர்

அன்புள்ள கண்ணம்மா,

நேற்று போனில் நீ அழுததைக் கேட்டதிலிருந்து எனக்கு வேறு நினைப்பே இல்லை. உன் தவறுக்கு நடுவர் எதிரணி உதைக்கும் இடத்தைக் கோலுக்கு ஐம்பது மீட்டர் அருகே நகர்த்திக் கொடுத்தார், அதில் அணி தோற்றது, சரி. இனி ஃபுட்டி, அதுதான் நம் ஆஸ்திரேலியக் கால்பந்து, அந்தப் பக்கமே போகமாட்டேன் என்றாயே, அதைத்தான் தாங்க முடியவில்லை.

1996-இல் நான் மெல்போர்னுக்கு வந்த புதிதில், கூட வேலை பார்த்த ஒருவர் என்னை எம்சிஜி மைதானத்துக்கு ஃபுட்டி பார்க்க அழைத்துப் போனார். நடு வட்டத்தில் எல்லோருக்கும் மேலே எம்பிப் பந்தைத் தட்டிய ஒரு நெட்டை மனிதரைக் காட்டி, “எங்களை அழவைத்தவர் இவர்தான்” என்றார். குரலில் கோபமே இல்லை, பாசம்தான் இருந்தது. அவர் ஜிம் ஸ்டைன்ஸ்.

டப்ளினில் அயர்லாந்துக் கால்பந்து ஆடிய பையன். 1984-இல், பதினெட்டு வயதில், முட்டை வடிவப் பந்தைப் பழகக் கடல் கடந்து வந்தார். 1987-இல் மெல்போர்ன் அணி, 1964-க்குப் பிறகு முதல்முறையாக இறுதிப்போட்டியைத் தொட இருந்தது. வேவர்லி பார்க்கில் ஹாதர்னுக்கு எதிரான ஆட்டம். நான்கு புள்ளி முன்னிலை, கடைசி விநாடிகள். ஹாதர்னின் கேரி பக்கனாராவுக்கு ஃப்ரீ கிக் கிடைத்தது, ஆனால் கோல் வெகு தூரத்தில். அப்போதுதான் ஜிம், உதைக்கப் போனவருக்கும் அவர் முன்னே மறித்து நின்றவருக்கும் நடுவே குறுக்கே ஓடிவிட்டார். அப்படி ஓடக் கூடாது என்பது உனக்குச் சிறுவயதிலிருந்தே தெரியும். அவருக்கு அது இன்னும் உடம்பில் ஊறவில்லை. நடுவர் அந்தக் காலத்துத் தண்டனையான பதினைந்து மீட்டர் கொடுத்தார். ஆட்டம் முடிந்த சைரன் ஒலித்த பிறகு பக்கனாரா அடித்த உதை கோலானது, ஆறு புள்ளி. இரண்டே புள்ளியில் எல்லாம் போயிற்று.

அதற்கு அடுத்த வருடமும் அவர் அதே சட்டையைப் போட்டுக்கொண்டு களத்துக்கு வந்தார். 1998 வரை, ஒன்றைக்கூட விடாமல், தொடர்ந்து 244 ஆட்டங்கள்! 1991-இல், அந்த வருடத்தின் சிறந்த ஆட்டக்காரருக்கான பிரவுன்லோ பதக்கமும் வாங்கினார். ஆனால் எனக்கு அதைவிடப் பெரிதாகத் தெரிவது, 1994-இல் இளம்பிள்ளைகளுக்காக அவர் இன்னொருவரோடு சேர்ந்து தொடங்கிய ரீச் அமைப்பு. 2008-இல் கடனில் தவித்த அதே கிளப்புக்குத் தலைவரானார். மறு வருடமே புற்றுநோய். சிகிச்சைக்கு நடுவிலும் கிளப் வேலையைப் பார்த்தார். 2012 மார்ச்சில், நாற்பத்தைந்து வயதில் போய்விட்டார். அன்று அந்த நண்பர் எனக்குப் போன் செய்து, பேச முடியாமல் வைத்துவிட்டார்.

செவ்வாய்க்கிழமை பயிற்சிக்குப் போ, கண்ணம்மா. முடிந்ததும் கூப்பிடு. பெர்த்தில் எட்டு மணி என்றால் இங்கே பத்து; நானும் அம்மாவும் விழித்திருப்போம்.

அன்புடன்,
அப்பா