லோடர் கண்ட சண்டை

அன்பு மகளுக்கு,

பள்ளிக்கூடக் கட்டுரைக்காக, 'தாத்தா எத்தனை பாட்டன் டாங்கியை அடித்தார்?' என்று பேரன் கேட்பதாக எழுதியிருந்தாய். பாட்டன் என்பது எதிரியான பாகிஸ்தானிடம் இருந்த அமெரிக்க டாங்கியின் பெயர். என் கணக்கில் ஒன்றுகூட எழுத வேண்டாம். இலக்கைச் சொன்னவர் கமாண்டர், சுட்டவர் கன்னர். நான் லோடர், குண்டு திணிக்கிறவன்.

1965 செப்டம்பரில், பாகிஸ்தானோடு நடந்த போரில், அந்த நாட்டின் சியால்கோட் பக்கம் பில்லோராவை நோக்கிப் போன கவசப் படையில் எங்கள் 16-வது லைட் கேவல்ரி ரெஜிமென்டும் இருந்தது. எங்களுடையது செஞ்சுரியன் டாங்கி, சுமார் 50 டன் இரும்பு. உள்ளே நாலே பேர். டிரைவர் முன்னால் தனியாக, மற்ற மூவரும் மேலே டரட்டுக்குள், அதாவது பீரங்கியோடு சுழலும் கூட்டுக்குள், இடித்துக்கொண்டு. வெளியே பார்க்க எனக்கும் ஒரு பெரிஸ்கோப் உண்டுதான். சண்டை சூடு பிடித்தபின் அதில் கண் வைக்க ஏது நேரம்?

ஹெட்போனில் 'ஏபி' என்று கேட்டால் டாங்கியைத் துளைக்கிற குண்டு, 'ஹெச்இ' என்றால் வெடித்துச் சிதறுகிற குண்டு. தூக்கித் திணித்துவிட்டு ஒதுங்கிக்கொள்ள வேண்டும். அந்த ஒதுங்குவதில்தான் உயிர் இருக்கிறது. சுட்டதும் பீரங்கியின் பின்பக்கம் விசையோடு உள்ளே பாயும். முழங்கை குறுக்கே இருந்தால் கை போச்சு. அடுத்த நொடி காலிப் பித்தளைக் குப்பி சுடச்சுடக் காலடியில் விழும், கூடவே கண்ணைக் கரிக்கும் புகை. இருமிக்கொண்டே அடுத்த குண்டை எடுப்பேன். வெளியே என்ன நடக்கிறது என்பது கமாண்டரின் குரலை வைத்துத்தான் தெரியும். அவர் கத்தும்வரை எனக்குத் தைரியம். குரல் தணிந்தால்தான் வயிற்றைக் கலக்கும். செஞ்சுரியன் பெட்ரோல் வண்டி; அடிபட்டால் எப்படிப் பற்றும் என்று எங்களுக்குத் தெரியும். அதைப் பற்றி மட்டும் யாரும் பேசமாட்டோம்.

இருட்டினால் ஓய்வு என்று நினைக்காதே. ஜெர்ரிகேன் ஜெர்ரிகேனாகப் பெட்ரோல் ஊற்ற வேண்டும், குண்டு ஏற்ற வேண்டும், டிராக்கில், அதாவது சக்கரங்களைச் சுற்றி ஓடும் இரும்புப் பட்டையில், அப்பிய சேற்றையும் கரும்புச் சக்கையையும் நோண்டி எடுக்க வேண்டும். அப்புறம் டீ. டாங்கிக்குள்ளேயே தண்ணீர் கொதிக்க வைக்க ஒரு பாத்திரம் வைத்திருந்தான், வெள்ளைக்காரன் செய்த வண்டி அல்லவா! அதுவும் லோடர் தலையில்தான். உத்தரவெல்லாம் இந்தியில் வரும், என் டீயைத் திட்டுவது மட்டும் தமிழில்.

செப்டம்பர் 11 அன்று பில்லோரா நம் கைக்கு வந்தது. அந்த ஊரை நான் சரியாகப் பார்க்கவேயில்லை. 23-ஆம் தேதி போர் நிறுத்தம் என்றார்கள். அன்று டாங்கிக்கு அடியிலேயே படுத்துத் தூங்கினேன்.

சரி, போனில் நான் கத்துகிறேன் என்று மாப்பிள்ளை குறைப்படுகிறாராமே. பீரங்கிப் பக்கம் இருந்த வலது காது அப்போதே மந்தமாகிவிட்டது. அவரையும் கொஞ்சம் கத்தியே பேசச் சொல்.

அப்பா