'தஞ்சோங் பகார்' ஓர் ஐடி அல்ல: லைப்ரரி பராமரிப்பாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

வணக்கம்.

சிங்கப்பூரில் எங்கள் வட்டாரச் சிறுவர்களுக்குத் தமிழ்ப் புத்தகம் இரவல் தரும் சிறிய ஏற்பாடு ஒன்று நடக்கிறது. அதன் இணையத்தளத்தைப் பார்த்துக்கொள்ளும் தொண்டூழியர் நான். தளம் ஓடும் வெப் ஃப்ரேம்வொர்க்கைத் தகவல் சேமிக்கும் டேட்டாபேஸோடு இணைப்பது உங்கள் லைப்ரரி, அதாவது நீங்கள் எழுதித் தரும் ஆயத்த நிரல் தொகுப்பு. (எங்களுடையதும் லைப்ரரிதான், அட்டை கிழிந்த புத்தகங்கள் உள்ள வகை.) நீங்களும் சம்பளமில்லாமல் செய்கிறீர்கள் என்பது தெரியும். ஆனாலும் சொல்லியாக வேண்டும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, புத்தகம் கொடுக்கும் அக்கா கூப்பிட்டார். "தம்பி, புத்தகம் என் கையில இருக்கு. சிஸ்டம் இல்லைங்குது." சிஸ்டத்தின் பதிவுக் கோப்பைத் திறந்தேன். தேடிய ஐடி, அதாவது புத்தகத்தின் அடையாளக் குறி, இருக்க வேண்டிய இடத்தில் 'இன்ஃபினிட்டி' (முடிவிலி)!

எங்கள் பழைய புத்தகங்களுக்கு 1, 2, 3 என்று போகும் எண்கள். மோங்கோடிபி என்ற டேட்டாபேஸுக்கு மாறிய பிறகு சேர்ந்தவற்றுக்கு அதுவே உருவாக்கும் ஆப்ஜெக்ட்ஐடி: 12 பைட், எழுதினால் 24 குறிகள். ஐடியைப் பார்த்தே அதன் வகையை லைப்ரரி கண்டுபிடித்துவிடும் என்றீர்கள், நம்பினோம். அந்தப் புத்தகத்தின் 24 குறிகளில் 23 இலக்கங்கள். ஒன்பதாவது இடத்தில் மட்டும் 'ஈ' என்ற ஆங்கில எழுத்து. எண்ணாக மாற்றிப் பார்க்கும்போது, ஜாவாஸ்கிரிப்ட் நிரல்மொழிக்கு அது பத்தின் அடுக்கைக் காட்டும் குறி. அதன்பின் வந்த 15 இலக்கங்களையும் அடுக்காக எடுத்துக்கொண்டால் முடிவிலி வராமல் என்ன வரும்? முடிவிலியும் எண்தான் என்று உங்கள் சோதனை அதை உள்ளே விட்டுவிட்டது. நூற்றுக்கணக்கான புத்தகங்களில் ஒன்றுக்குத்தான் இப்படி. அதனால்தான் மாதக்கணக்கில் யார் கண்ணிலும் படவில்லை.

எண் போலத் தெரிவதெல்லாம் எண்ணாகிவிடாது. தஞ்சோங் பகார் பக்கம் அஞ்சல் குறியீடு 08 என்று தொடங்கும். அதை எண்ணாக மாற்றினால் முன்னாலிருக்கும் சுழியம் காணாமல் போய், ஆறு இலக்கம் ஐந்தாகிவிடும். இன்னொரு வேடிக்கை: அந்தப் பெயரை ஆங்கிலத்தில் இடைவெளியின்றி எழுதினால் சரியாக 12 எழுத்து. மோங்கோடிபியோடு பேச உதவும் டிரைவர் நிரலின் பழைய பதிப்புகள் எந்த 12 எழுத்துச் சொல்லையும் செல்லுபடியாகும் ஆப்ஜெக்ட்ஐடி என்று ஏற்றுக்கொள்ளும். ஓர் எம்ஆர்டி நிலையத்தின் பெயரே ஐடியாகிவிடும்!

போஸ்ட்கிரஸ் என்ற இன்னொரு டேட்டாபேஸ் பக்கம் போனாலும் நிம்மதி இல்லை. அதன் 64 பிட் எண்கள் ஜாவாஸ்கிரிப்டில் 9007199254740991-ஐத் தாண்டினால் துல்லியம் போய்விடும். அதனால்தான் நோட் (சர்வரில் ஜாவாஸ்கிரிப்டை ஓட்டும் மென்பொருள்) பயன்படுத்தும் போஸ்ட்கிரஸ் டிரைவர் அவற்றைச் சரமாகவே, அதாவது வெறும் எழுத்துத் தொடராகவே தருகிறது. உங்கள் லைப்ரரி அதையும் வலிந்து எண்ணாக்குகிறது. யூயூஐடி என்ற நீண்ட ஐடி வகை மட்டும் நடுவில் கோடுகள் இருப்பதால் தப்பித்தது.

நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. ஐடியின் வகையை, தகவலின் அமைப்பை விவரிக்கும் மாடலில் நாங்களே எழுதிவிடுகிறோம். அதன்படி மாற்றுங்கள், முகத்தைப் பார்த்து ஜாதகம் கணிக்க வேண்டாம். யூஆர்எல்லிலும் (இணைய முகவரி) ஜேசனிலும் (தகவலை அனுப்பும் வடிவம்) ஐடி சரமாகவே இருக்கட்டும், டேட்டாபேஸ் வாசலில் மட்டும் உருமாறட்டும். பொருந்தாத ஐடி வந்தால் 'கிடைக்கவில்லை' என்று 404 காட்டாமல், 'கோரிக்கை தவறு' என்னும் 400 கொடுங்கள். இல்லாத புத்தகமும் தவறான ஐடியும் ஒன்றல்ல, அக்காவுக்கு அந்த வித்தியாசம் தெரிந்திருந்தால் அலமாரியை இரண்டு முறை கலைத்திருக்க மாட்டார்.

ஐடியின் வகையை ஊகிக்கும் வழக்கத்தை உடனே எடுத்தால் பலருடைய தளங்கள் உடையும் என்பீர்கள். சரி, அடுத்த பெரிய பதிப்பு வரை அது இருக்கட்டும், ஆனால் அணைத்து வைக்க ஒரு சுவிட்ச் வேண்டும். அதற்கான டெஸ்ட்டுகளை (சரிபார்க்கும் நிரல்கள்) எழுதி வைத்திருக்கிறேன். முதல் டெஸ்ட்டில் இருப்பது அந்தப் புத்தகத்தின் ஐடிதான்.

இப்படிக்கு,
சிங்கப்பூரிலிருந்து ஒரு தொண்டூழியர்