பெல் சார், நான் கையெழுத்துப் போட்டுவிட்டேன்

அன்புள்ள டெரிக் பெல் சார்,

இன்று அக்டோபர் 5. கறுப்பினத்தவர் உரிமைக்காக வாதாடிய அமெரிக்க வக்கீலும் சட்டப் பேராசிரியருமான நீங்கள் 2011இல் மறைந்த நாள். வருடா வருடம் இந்த நாளில் உங்களை எடுத்துப் படிப்பேன். இந்த முறை கை வரவில்லை. நான் நடத்திவந்த 'இனமும் சட்டமும்' வகுப்பை நிறுத்திவிட்டார்கள். நான் ராஜினாமா செய்யவில்லை. அடுத்த ஆண்டு ஒப்பந்தத்தில் கையெழுத்தும் போட்டுவிட்டேன்.

எந்தக் கல்லூரி, யார் என்ன சொன்னார்கள் என்பதெல்லாம் இங்கே வேண்டாம். உடன் வேலை செய்பவர்களும் இதைப் படிப்பார்கள்.

நீங்களாக இருந்தால் விலகியிருப்பீர்கள். கறுப்பினத்தவர் உரிமை அமைப்பான என்.ஏ.ஏ.சி.பி.யில் உறுப்பினராக இருக்கக் கூடாது என்றதும் 1959இல் அமெரிக்க அரசின் நீதித் துறை வேலையையே விட்டவர். ஹார்வர்டு சட்டக் கல்லூரியில் நிரந்தரப் பேராசிரியராகக் கறுப்பினப் பெண் ஒருவர்கூட இல்லை என்று 1990இல் சம்பளமில்லாமல் வெளியேறினீர்கள். 1992இல் அந்தப் பதவியும் போனது. ஆனால் நியூயார்க்கில் உங்களுக்கு இன்னொரு வகுப்பறை கிடைத்தது, சார். என் விசாவில் வேலை போனால் அதிகபட்சம் 60 நாள்தான் இந்த நாட்டில் இருக்கலாம். பள்ளிக்கூடம் போகும் மகள் இருக்கிறாள். மன்னித்துக்கொள்ளுங்கள் என்று கேட்கத்தான் உட்கார்ந்தேன். கேட்கும்போதே கோபமும் வருகிறது. கறுப்பினப் பெண்ணான லானி கினியர் ஹார்வர்டில் நிரந்தரப் பேராசிரியராக 1998 ஆயிற்று. அதுவரை அங்கே படிக்க வந்த பிள்ளைகளுக்கு நீங்களும் இல்லையே! ஏன் எப்போதும் நீங்களே முன்னால் நிற்க வேண்டும் என்று உங்கள் மனைவி ஜூவல் கேட்டதில் எனக்கு நியாயம் தெரிகிறது.

மிசிசிப்பி மாநிலத்தில் கறுப்பின மக்கள் வாழும் ஹார்மனி என்ற ஊர்தான் மனதை விட்டுப் போகமாட்டேன் என்கிறது. மூடிவிட்ட தங்கள் பள்ளியைத் திறந்து தரக் கேட்டு, வக்கீலாக இருந்த உங்களிடம் அவ்வூர் ஹட்சன் சகோதரிகள் வந்தார்கள். ஊரார் சேர்ந்து எழுப்பிய பள்ளி. பள்ளிகளில் கறுப்பின, வெள்ளைப் பிள்ளைகளைப் பிரித்துவைப்பதை ஒழிக்கும் வழக்கென்றால் மட்டும் வருகிறோம் என்றீர்கள். அவர்கள் கேட்டது ஒன்று, கிடைத்தது வேறொன்று. அந்த அறிவுரை சரிதானா என்று பின்னாளில் நீங்களே சந்தேகப்பட்டு எழுதினீர்கள். 300க்கும் மேற்பட்ட பள்ளி வழக்குகளைப் பார்த்துக்கொண்டவர் அப்படி எழுத எவ்வளவு நெஞ்சுரம் வேண்டும்! வக்கீல் நிற்பது கட்சிக்காரர் பக்கமா, கொள்கையின் பக்கமா என்று 1976 கட்டுரையில் கேட்டீர்களே, அந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டுதான் கையெழுத்துப் போட்டேன். என் கட்சிக்காரர்கள் மாணவர்கள். நான் வெளியேற வேண்டும் என்று அவர்கள் கேட்கவில்லை.

அடுத்த பருவத்தில் அரசமைப்புச் சட்ட வகுப்பு என்னுடையது. பள்ளிகளில் இனப் பிரிவினை செல்லாது என்ற பிரவுன் தீர்ப்பு பாடமாக வரும் வாரம், வெள்ளையர் நலனும் சேர்ந்துகொண்டதால்தான் 1954இல் அந்தத் தீர்ப்பு கைகூடியது என்று நீங்கள் வாதிட்ட 1980 கட்டுரையை முழுதாகப் படிக்கக் கொடுக்கப்போகிறேன். யாராவது ஆட்சேபித்தால், அது வெளிவந்த ஹார்வர்டு சட்ட இதழையே எடுத்துக் காட்டுவேன்.