புயல் புஸ்வாணமானதா?

ஆசிரியருக்கு,

வணக்கம். 'மூன்று நாள் பயமுறுத்தினார்கள், கடைசியில் புயல் புஸ்வாணம்' என்று வாசகர் ஒருவர் வானிலைக்காரர்களைக் கிண்டலடித்து எழுதியிருந்தார். நானும் அப்படிப் பேசியவன்தான், 2011-இல்.

அப்போது அமெரிக்காவில் எடிசன் நகரில் மகள் வீட்டில் இருந்தேன். ஆகஸ்ட் கடைசியில் ஐரீன் புயல் வருகிறது என்றார்கள். பஹாமாஸைத் தாண்டியபோது பெரிய புயல். 28-ஆம் தேதி நியூஜெர்சியின் பிரிகன்டைன் பக்கம் கரையேறியபோது அதற்குச் சூறாவளி அந்தஸ்துகூட இல்லை. 'இதுக்கா இவ்வளவு ஆர்ப்பாட்டம்?' என்று மருமகனிடம் சொல்லி வாய் மூடவில்லை, கரண்ட் போனது. நிலவறைத் தண்ணீரை இறைக்கும் பம்ப் நின்றது. கடலூர் துறைமுகத்தில் முப்பது வருஷம் படகு இன்ஜின் பார்த்தவன் நான். அந்தச் சின்ன பம்பை ஓட்ட வழியில்லாமல் பக்கெட்டால் மொண்டு ஊற்றினேன். இரண்டு மூட்டை சோனா மசூரி ஊறி உப்பிப் போனது. காற்றுதான் குறைந்திருந்தது, மழை குறையவில்லை. ராரிடன் ஆற்றங்கரை ஊர்கள் மூழ்கின.

புயலின் பாதையை வானிலைக்காரர்கள் சரியாகத்தான் சொன்னார்கள். பலத்தில்தான் பிசகியது. அதற்குக் காரணம் கரையோரக் கடல்.

அந்தக் கோடையில் ஒரு நாள் கடலில் கால் வைத்தேன். வெயில் சுள்ளென்று அடிக்கிறது, தண்ணீரோ ஐஸ். தென்மேற்குக் காற்று தொடர்ந்து அடித்தால் இப்படித்தான் என்றார் அங்கே தூண்டில் போட்டவர். நம் பக்கம் கச்சான் காற்று வீசும் நாட்களில் கரைத்தண்ணீர் சில்லிடுகிற அதே கதை. காற்று மேல்தண்ணீரை வெளியே தள்ள, அடித்தண்ணீர் ஏறி வருகிறது. ஆனால் அங்கே அடித்தண்ணீர் பனிக்காலத்தில் ஆறியது. கோடையில் சூடான அடுக்கு மேலே மூடிக்கொள்வதால் அப்படியே கீழே தங்கிவிடுகிறது. மேலே 24 டிகிரி இருந்தால் கீழே 10 டிகிரி அளவில் இருக்கும்.

ஐரீன் வந்தபோது ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தாரின் கிளைடர் கடலுக்குள் இருந்தது. ஆளில்லாமல் ஏறி இறங்கி நீந்தும், டார்பிடோ மாதிரியான கருவி. அது காட்டியது இதுதான்: புயலின் கண் வருவதற்கு முன்பே, முன்னால் வீசிய காற்று இரண்டு அடுக்கையும் கலக்கி மேல்தண்ணீரை 5 டிகிரி வரை குளிரவைத்துவிட்டது. புயலுக்கு டீசல் கடலின் சூடுதான். டீசல் லைன் அடைத்த இன்ஜின் மாதிரி புயல் திணறியிருக்கிறது.

அடுத்த வருஷம் அக்டோபர் 29, அதே பிரிகன்டைன் பக்கம் சாண்டி வந்தது. அதன் பெருங்காற்று நெடுநேரம் கரையை நோக்கித் தள்ளியதில், அடியிலிருந்த குளிர்ந்த தண்ணீர் வெளிக்கடலுக்கு ஒதுங்கிவிட்டது. மேல்தண்ணீர் பெரிதாகக் குளிரவில்லை, புயலின் டீசல் லைன் அடைபடவில்லை. (சாண்டிக்கு வானத்திலிருந்தும் உதவி கிடைத்தது, அது தனிக் கதை.) 'போன வருஷமும் இப்படித்தான் சொன்னாங்க' என்று வீட்டிலேயே இருந்துவிட்டவர்கள் பட்ட பாட்டை டிவியில் பார்த்தபோது, மருமகனிடம் நான் சொன்னது நினைவுக்கு வந்தது.

வங்கக் கடலிலும் இது உண்டு. 2013 நவம்பரில் ஹெலன் மசூலிப்பட்டினம் பக்கம் கரையேறிய ஒரு வாரத்துக்குள் லெஹர் அதே பக்கம் வந்தது. அதிதீவிரப் புயலாக இருந்தது, கரைக்கு வருமுன் காற்றழுத்தத் தாழ்வு மண்டலமாக இளைத்துவிட்டது. கடலில் வெப்பம் குறைவாக இருந்ததும் அதற்கு ஒரு காரணம். அதையும் அன்றைக்கு 'புஸ்வாணம்' என்று சொன்னவர்கள் இருந்திருப்பார்கள்.

உங்கள் நாளிதழில் புயல் சமயத்தில் காற்றின் வேகம், மழையளவு, கூண்டு எண் எல்லாம் போடுகிறீர்கள். கரையோரக் கடல் எவ்வளவு சூடு, அந்தச் சூடு எவ்வளவு ஆழம் வரை என்பதையும் போடுங்கள். ஹைதராபாத்தில் இருக்கும் இந்தியக் கடல்சார் தகவல் சேவை மையம் கடல் வெப்ப விவரங்களை வெளியிடுகிறது. கூண்டு எண்ணுக்குப் பக்கத்தில் ஒரு வரிக்கு இடம் இருக்கிறது, பார்த்தேன்.

– ஓய்வுபெற்ற படகு மெக்கானிக், கடலூர் முதுநகர்