டிராவல் பிரிவு நடுவர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய நடுவர்களே,

வணக்கம். நான் சலூன் எனப்படும் புகைப்படப் போட்டிகளுக்குப் படம் அனுப்புகிறவன். ஆசியாவின் அன்றாட வாழ்க்கை என்று சொல்லி உங்கள் முன்னால் வரும் படங்களைப் பற்றிக் கொஞ்சம் பேச வேண்டியிருக்கிறது.

சீனாவின் ஃபுஜியான் மாகாணத்தில் ஷியாபு என்று ஒரு கடலோர வட்டாரம். அங்கே யாங்ஜியாஷியில் ஓர் ஆலமரத் தோப்பு. ஒரு விவசாயி மாட்டைப் பிடித்துக்கொண்டு மரங்களுக்கு நடுவே நடந்து வருவார். பின்னால் மறைவாக ஒருவர் வைக்கோலைக் கொளுத்திப் புகை போடுவார். புகையில் வெயில் பட்டு ஒளி கீற்றுக் கீற்றாக இறங்கும். எதிரே டிரைபாட் வரிசை. எல்லோருக்கும் ஃபிரேம் அமைகிறவரை அவர் திரும்பத் திரும்ப நடப்பார். அதற்குக் கூலி உண்டு. (மாட்டுக்கு என்ன கூலியோ!) அந்தப் படம் 'கிராமத்துக் காலை' என்ற மாதிரி ஒரு தலைப்போடு உங்களிடம் வருகிறது. நீங்களும் மெடல் கொடுக்கிறீர்கள்.

காசு வாங்கிக்கொண்டு நிற்பவர்களை நான் குறை சொல்லவே மாட்டேன். அதே சீனாவில், லி ஆற்றங்கரையில் ஷிங்பிங் ஊரில் நீர்க்காகமும் லாந்தருமாக மூங்கில் தெப்பத்தில் நிற்கும் பெரியவர்கள், ஒரு காலத்தில் அந்தப் பறவைகளை வைத்தே மீன் பிடித்துப் பிழைத்தவர்கள். இன்று அவர்களுக்குச் சோறு போடுவது கேமராதான். இலங்கையில் வெலிகம, கொக்கல பக்கம் கடலில் நட்ட கம்பத்தின் மேல் உட்கார்ந்து தூண்டில் போடுகிறவர்கள் கதையும் அதேதான். 2004 சுனாமிக்குப் பிறகு அந்தத் தொழில் வெகுவாகக் குறைந்துவிட்டது. இப்போது அங்கே உட்கார்ந்திருப்பவர்களில் பலரும் சுற்றுலா வருகிறவர்களுக்காகத்தான் ஏறுகிறார்கள். அது அவர்கள் பிழைப்பு. அதை 'மீன்பிடி வாழ்க்கை' என்று தலைப்பிட்டு அனுப்புகிறவர்களிடம்தான் எனக்கு வழக்கு.

நடிக்க வைத்து எடுப்பதும் பாவம் இல்லை. 1950களின் ஹாங்காங் தெருக்களை எடுத்த ஃபேன் ஹோவின் புகழ்பெற்ற படம் ஒன்றில், சுவரோரம் தலைகுனிந்து நிற்கும் பெண் அவருடைய உறவுக்காரர்தான். குறுக்கே சரிந்து விழும் நிழலைப் பிறகு படம் கழுவும் இருட்டறையில் சேர்த்தார். இதையெல்லாம் அவரே சொல்லியிருக்கிறார். சொன்னதால் படத்தின் மதிப்பு ஒரு பைசா குறையவில்லை.

ஆனால் டிராவல் பிரிவுக்கு விதி என்று ஒன்று இருக்கிறதே! படம் எடுப்பதற்காகவே ஏற்பாடு செய்த நிகழ்ச்சி, கூலிக்கு அமர்த்திய ஆள், இப்படி நில் என்று சொல்லி நிறுத்திய ஆள், எதற்கும் அனுமதி இல்லை என்று அமெரிக்கப் புகைப்படச் சங்கமான பிஎஸ்ஏவின் விதியே சொல்கிறது. விதி தாளில் இருக்கிறது, மெடல் ஆலமரத்துக்குப் போகிறது.

2019இல் துபாயின் ஹம்தான் புகைப்படப் போட்டியில் 1,20,000 டாலர் பரிசு வாங்கியது, வியட்நாமில் குழந்தைகளோடு இருக்கும் ஒரு தாயின் படம். அப்புறம் அதே தாயைச் சுற்றி ஒரு கூட்டமே கேமராவோடு நிற்கும் படம் வெளியே வந்தது. நான் ஏற்பாடு செய்யவில்லை, வழியில் பார்த்தது என்றார் எடுத்தவர். சரி, அப்படியே இருக்கட்டும். சுற்றி அத்தனை பேர் நின்றார்கள் என்பது பரிசு வாங்கிய படத்தில் தெரியவில்லையே.

இதில் தோற்பது யார் தெரியுமா? மியான்மரின் இன்லே ஏரியில் ஒற்றைக் காலில் நின்று கேமராவுக்காகக் கூம்புக் கூடையைத் தூக்கிக் காட்டுகிறவர் படத்துக்கு மெடல். அதே ஏரியில் நைலான் வலையில் சிக்கெடுத்துக்கொண்டிருக்கும் மீனவர் படம் முதல் சுற்றிலேயே போய்விடும். பிளாஸ்டிக் நாற்காலியும் செல்போனும் 'கண்ணை உறுத்துகின்றன' என்று எங்கள் புகைப்பட கிளப்புக்கு வந்த நடுவர் ஒருவர் பாடம் எடுத்தார். செல்போன் இல்லாத அன்றாடத்தை ஆசியாவில் இன்றைக்கு எந்த ஊரில் போய் எடுப்பது?

அதனால் நுழைவுப் படிவத்தில் ஒரே ஒரு கேள்வியைச் சேருங்கள்: படத்தில் இருப்பவருக்குக் காசு கொடுத்தீர்களா, அல்லது டூர் நடத்துகிறவர் கொடுத்தாரா? ஆமாம் என்றால் படத்தைத் தள்ள வேண்டாம், வேறு பிரிவுக்கு மாற்றுங்கள். மெடலுக்கு வரும் படங்களுக்கு மட்டும், அதற்கு முன்னும் பின்னும் எடுத்த ஃபிரேம்களின் ரா ஃபைலை, அதாவது கேமராவில் பதிந்த திருத்தாத மூலக் கோப்பைக் கேளுங்கள். முடிந்தால், படம் எடுத்த நாட்டுக்காரர் ஒருவரையும் நடுவர் வரிசையில் உட்கார வையுங்கள். அந்தத் தோப்பில் புகை எங்கிருந்து வருகிறது என்று அவருக்குத் தெரிந்திருக்கும்.

இப்படிக்கு,
கிளப் உறுப்பினர் ஒருவன்