சுருதி மொதல்ல, பேரு அப்புறம்

அய்யா,

நீ அனுப்புன வாய்ஸ் மெசேஜ் கேட்டேன். காதுப் பயிற்சி ஆப்புல ரெண்டு சத்தம் குடுத்து நடுவுல எவ்ளோ தூரம்னு கேக்குதாம், எல்லாம் தப்பாப் போவுதாம், "எனக்குக் காதே இல்லம்மா"ங்கிற. காதெல்லாம் நல்லாத்தான் இருக்கு, அந்த ஆப்பு கேக்குற கேள்விதான் எனக்குப் புடிக்கல.

ச ரி க ம ப த நி-ல ச, ம ரெண்டையும் பாடிப் பாரு. அப்புறம் ப, மேல் ச. அளந்தா ரெண்டும் ஒரே தூரந்தான், ஆனா மொதலாவது பாதி வழியில நிக்கும், ரெண்டாவது வீடு வந்து சேர்ந்துரும்.

அதனால பின்னால ஓயாம ஒலிக்கிற தம்புராவ ஒரு கட்டையில, அதாவது C-ய ச-வா வச்சு ஓடவிட்டு, ச ப ச பாடி சுருதி காதுல நல்லா உக்காந்ததும் கண்ண மூடிக்கிட்டு கீபோர்டுல ஏதாவது ஒரு வெள்ளை கீய அமுக்கு, உடனே பேரு சொல்லாத, அது எந்தப் பக்கம் போவ துடிக்குதுன்னு மட்டும் கேளு. ம-ன்னா க மேல சாயும், நி-ன்னா மேல் ச-வுக்கு ஏறப் பாக்கும், கீபோர்டப் பாத்தா தெரியும், அந்த ரெண்டு எடத்துலதான் நடுவுல கறுப்பு கீ கெடையாது. மோகன ராகத்துல இந்த ம, நி ரெண்டுமே இல்ல, அதான் மொதல்ல ச ரி க ப த மட்டும் பழகுன்னு சொல்றேன். (மொதப் பாடமான சரளி வரிசைய மாயாமாளவகௌளை ராகத்துலதான் ஆரம்பிப்போம், ஆனா உனக்கு வெள்ளை கீதானே ஈசி, வெள்ளை கீயிலயே வர்ற சங்கராபரண ராகமே போதும்.)

நம்ம கிளாஸ்ல ஒரு சின்னப் பொண்ணு, பேரு கேட்டா திருதிருன்னு முழிக்கும். ஆனா த-வ அமுக்குனா வாய் தானா முனகிக்கிட்டே ரெண்டு படி ஏறி மேல் ச-வுல நிக்கும், அப்புறந்தான் தலைய ஆட்டிட்டு "த, டீச்சர்"ங்கும்.

அந்தப் பழக்கம் வந்ததும் சுருதிய மாத்து. அதே E கீ ஒரு கட்டையில க, அஞ்சு கட்டையில (G-ய ச-வா வச்சா) த, நாலு கட்டையில (F-அ ச-வா வச்சா) நி. இங்கதான் தல சுத்தும், சுத்தட்டும்.

சுருதி இல்லாமலே ஒரு சத்தத்தக் கேட்டதும் பேரு சொல்ற பெர்ஃபெக்ட் பிட்ச் இல்லியேன்னு பொலம்பாத. அவங்கவங்க தொண்டைக்கு ஏத்த கட்டையில பாடுறவங்கதான நாம. இங்க பினாங்கு தண்ணிமலைக் கோயில்ல நாயனம் எந்த சுருதியில வாசிச்சாலும் மோகனம்னு சின்னப் புள்ளையிலேயே சொல்லுவியே.

ஞாயித்துக்கிழமை கால் பண்ணு, நான் அமுக்குறேன் நீ சொல்லு. தம்புராவ நான் இங்கயே வைக்கிறேன், உன் பக்கம் வைக்காத, லைன் லேட்டா வந்து ரெண்டும் கொழம்பும். பத்து மணிக்கு மேல வேணாம், அங்க மெல்போர்ன்ல நடுராத்திரி ஆயிரும், இங்க அப்பாவும் தூங்கிருவாரு.

அம்மா
பினாங்கு